நைலான் கயிறு இறுக்கிய லிச்சிக் கன்று: உரச்சத்து எந்த வழியாக ஏறுகிறது?

மொரீஷியஸ் தீவின் மாஎபூர் வாசகரின் கேள்வி, 18.11.2023

விதை போட்டு வளர்த்த லிச்சிக் கன்று, நான்கு வயது. காற்றுக்குச் சாயாமலிருக்க ஊன்றுகோலில் நைலான் கயிற்றால் கட்டியிருந்தேன். அவிழ்க்க மறந்துவிட்டேன். இன்று பார்த்தால் கயிறு பட்டையைச் சுற்றிலும் அறுத்துக்கொண்டு உள்ளே கட்டை வரை இறங்கியிருக்கிறது. ஆனால் இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. செம்பு நிறத்தில் புதுத் தளிர்கூட விட்டிருக்கிறது. பட்டை போனால் மரம் பட்டுப்போகும் என்றுதானே என் தாத்தா சொல்வார்? வேர் உறிஞ்சும் சத்து பட்டை வழியாக ஏறவில்லை என்றால் பட்டை எதற்கு?

18.11.2023, இரவு

ஏறவில்லை. நீரும் அதில் கரைந்த உப்புகளும் பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டை வழியாக ஏறுகின்றன. பாடநூலில் சைலம் என்பார்கள். இலங்கைப் புத்தகங்களில் காழ். உயிரற்ற செல்கள், வெறும் குழாய்கள். இலை வெயிலில் நீரை ஆவியாக்குகிறது, அந்த இழுவையில் நீர்க்கம்பி அறுபடாமல் மேலே வருகிறது. டிக்சனும் ஜோலியும் 1894இல் சொன்ன விளக்கம் இது, இன்றும் நிற்கிறது.

பட்டையின் உட்பகுதி, அதாவது ஃபுளோயம், இலை சமைத்த சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் வழி. உங்கள் கயிறு அதைத்தான் அறுத்திருக்கிறது. மேலே விருந்து, கீழே பட்டினி. வேர் கையிருப்பைத் தின்று எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள் இலை பச்சையாக இருக்கும். பிறகு வேர் சாகும், அதற்குப் பிறகுதான் இலை வாடும். தாத்தா சொன்னது சரி, தவணைதான் சற்று நீளம்.

இதை நம் தீவில் எவரும் கேட்க வேண்டியதே இல்லை. மார்க்கோட், அதாவது காற்றுப் பதியம், போடும்போது நாம் செய்வது வேறென்ன? விரல் பருமக் கிளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, மேல் உதட்டில் வேர் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அந்த இரண்டு மாதமும் கிளை பச்சையாகத்தானே இருக்கிறது?

19.11.2023

நேற்று பாடம் நடத்திவிட்டு வைத்தியம் சொல்ல மறந்தேன். ஆசிரியர் புத்தி. முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் நான், தாவரவியல் படித்தவனல்ல. கன்று விற்பது பக்கத் தொழில். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

தம்பி, கயிற்றை இன்றே வெட்டி எடுங்கள். இழுக்க வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் நறுக்கி உருவுங்கள். வெட்டுக்கு மேலே பட்டை உதடுபோல் வீங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கீழே போக முடியாமல் தேங்கிய சர்க்கரையின் வேலை. காயம் தானாக மூடும் என்று காத்திராதீர்கள். அந்த உதட்டைச் சுற்றி ஈரப் பாசி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிவிடுங்கள். கயிறு பாதி மார்க்கோட்டைப் போட்டுவிட்டது, மீதியை நீங்கள் போடுங்கள்.

ஒன்று: விதைக்கன்று என்கிறீர்கள். வேர் பிடித்தாலும் பழத்திற்கு அவசரப்படாதீர்கள். காய்க்கிற மரத்தின் கிளையிலிருந்து எடுத்த மார்க்கோட் மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். விதைக்கன்றின் தலையை வெட்டி வைத்தால் அது விதைக்கன்றுதான்.

23.11.2023

கட்டை வழியாக ஏறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. காசித்தும்பைச் செடியை வேர் அறுபடாமல் பிடுங்கிக் கழுவி, அடித்தண்டை நீருக்குள்ளேயே வைத்துச் சரிவாக வெட்டி, சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்துங்கள். தண்டு கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே நடப்பது தெரியும். இன்று காலை பேத்திக்குக் காட்டினேன். பத்து நிமிடத்தில் தண்டின் உள்ளே சிவப்பு நூல்கள் எழும்பின. முழுத் தண்டும் சிவக்கவில்லை, நூல் நூலாகத்தான். ஒரு நூல் ஒரு இலைக்காம்புக்குத் திரும்பியது, அடுத்தது இன்னொன்றுக்கு. நறுக்கிப் பார்த்தால் வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள்.

நீருக்குள் ஏன் வெட்ட வேண்டும் என்று பேத்தி கேட்டாள். காற்றில் வெட்டினால் குழாயில் காற்றுக் குமிழி புகுந்து நீர்க்கம்பி அறுந்துவிடும். கன்றைப் பிடுங்கி நடும்போது நாம் செய்யும் கொடுமையும் பாதி இதுதான்.

26.11.2023

"மை ஏறினால் மை ஏறியது, அவ்வளவுதான். பொட்டாசியம் அதே வழியில் போகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் குத்தியிருக்கிறார். குத்தட்டும், நியாயமான குத்து.

இதே சந்தேகம் அறிவியலாளர்களுக்கும் நெடுநாள் இருந்தது. உப்புகள் பட்டை வழியாகத்தான் ஏறுகின்றன என்று வாதிட்டவர்களும் உண்டு. பட்டையைச் சோதித்தால் அதில் உப்பு நிறைய இருந்ததும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் ஸ்டவுட், ஹோக்லண்ட் என்ற இருவர் 1939இல் முடிச்சை அவிழ்த்தார்கள். வில்லோ மரத்தின் தண்டில் ஓரிடத்தில் மட்டும் பட்டையைக் கட்டையிலிருந்து நெம்பிப் பிரித்து, நடுவே மெழுகுத்தாளைச் செருகினார்கள். பட்டை அறுபடவில்லை, கட்டையைத் தொடாமல் நிற்கிறது, அவ்வளவே. பிறகு வேருக்குக் கதிரியக்கப் பொட்டாசியம் கொடுத்தார்கள். பன்னிரண்டரை மணி நேரத்தில் பாதியாகிவிடும் சரக்கு அது. ஆற அமர வேலை செய்ய முடியாது. சில மணி நேரம் கழித்துத் தண்டைத் துண்டு துண்டாக அளந்தார்கள். மெழுகுத்தாள் இருந்த பகுதியில் கட்டையில் பொட்டாசியம் ஏராளம், பட்டையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. தாள் வைக்காத இடத்தில் இரண்டிலும் இருந்தது.

ஆக, ஏறும் வழி கட்டை. போகிற போக்கில் பக்கவாட்டில் பட்டைக்கும் கசிந்துகொண்டே போகிறது. பட்டையில் கண்ட உப்பு கீழிருந்து ஏறியதல்ல, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது.

ஒரு தாளை எங்கே செருகுவது என்று தெரிந்தவர்கள்!

2.12.2023

மேலே 23ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பிழை. யாரும் பிடிக்கவில்லை, நானே பிடித்துக்கொள்கிறேன். மையின் வேகம்தான் சத்தின் வேகம் என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். கால்சியம் அப்படிப் போவதில்லை.

குழாயின் சுவரில் எதிர்மின்னேற்றம் உண்டு. கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்னேற்றம். ஒட்டிக்கொள்ளும். பின்னால் வரும் கால்சியமோ மக்னீசியமோ முன்னதைத் தள்ளினால்தான் அது அடுத்த இடத்திற்கு நகரும். அன்னதான வரிசையில் இலை கைமாறிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கொடுத்த இலையே கடைசி ஆளுக்குப் போய்ச் சேருவதில்லை. நீர் நிமிடத்தில் ஏறினாலும் கால்சியம் சுவரைப் பிடித்துப் பிடித்து மெதுவாக ஏறும்.

இரும்பு தனியாகவே போவதில்லை. சிட்ரிக் அமிலத்தோடு கைகோத்துக்கொண்டுதான் ஏறுகிறது. இல்லாவிட்டால் வழியிலேயே படிந்துவிடும். நைட்ரஜனும் பலவேளை வேஷம் மாற்றிக்கொள்ளும்: பல மரங்களில் வேரே நைட்ரேட்டைச் சமைத்து குளுட்டமின், அஸ்பராஜின் போன்றவையாக ஏற்றிவிடுகிறது. மண்ணில் போட்டதே தண்டில் போகிறது என்று எண்ணாதீர்கள்.

9.12.2023

நேற்று ஒருவர் மஞ்சள் இலையின் படம் போட்டு "என்ன உரம்?" என்று கேட்டிருந்தார். என்ன உரம் என்று கேட்கும் முன் எந்த இலை என்று கேளுங்கள். கீழ் இலையா, கொழுந்தா? இதைக் கற்க எனக்கு நாற்பது வேப்பங்கன்று செலவாயிற்று. கதை நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம், ஒரு கோவில் வளாகத்தில் நிழலுக்கு வேம்பு நட வேண்டும் என்றார்கள். ரோஸ் ஹில்லில் என் வீட்டுச் செம்மண்ணில் வளர்த்த கன்றுகள் நாற்பதைக் கொடுத்தேன். இடுப்பளவு, கரும்பச்சை. அங்கே மண் என்ன? பவளம் பொடிந்த வெள்ளை மணல், முழுச் சுண்ணாம்பு. இரண்டு மாதம் கழித்துத் தகவல் வந்தது: "ஆசிரியர் ஐயா, உங்கள் கன்று மஞ்சளாகிறது." "உங்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

போனேன். மஞ்சள் என்றதும் நைட்ரஜன் என்று யூரியா போடச் சொன்னேன். மறு மாதமும் போடச் சொன்னேன். மஞ்சள் வெளுத்துத் தந்த நிறமானது. மூன்றாம் முறை போனபோதுதான் குனிந்து பார்த்தேன். அடி இலைகள், என் வீட்டில் இருந்தபோது விட்டவை, அப்படியே கரும்பச்சை. கோவில் மண்ணில் வந்தபின் விட்ட இலைகள் மட்டும் வெளுத்திருந்தன. அவற்றிலும் நரம்புகள் பச்சை வலையாகத் தெரிந்தன. நைட்ரஜன் குறைந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்கு அனுப்பும். அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இங்கே தலைகீழ். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு கரையாது, வேருக்குக் கிடைக்காது. பழைய இலையில் இரும்பு இருக்கிறது, ஆனால் விட்டுக்கொடுக்காது. சீர் செய்த பாத்திரம் மாதிரி, போன வீட்டிலிருந்து திரும்பாது.

பெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தேன். ஒரு வாரத்தில் நடந்ததை மறக்க முடியாது. இலை பச்சையாகவில்லை, துளி விழுந்த இடங்கள் மட்டும் பச்சையாயின. அம்மை போட்டதுபோல் வெளிறிய இலையில் பச்சைப் புள்ளிகள். புள்ளிக்கு அரை விரல்கடை தள்ளி, பழைய மஞ்சள். அடுத்து விட்ட கொழுந்தோ முழு மஞ்சள். தடவிய இடத்திலிருந்து நகர அதற்கு வழியில்லை. அசையாச் சத்து என்றால் என்னவென்று அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

கடைசியில் சுண்ணாம்பு மண்ணிலும் கரைந்தே இருக்கும் வகை இரும்புக் கீலேட்டை வேரில் ஊற்றி, குழி எடுத்து மேட்டு நிலச் செம்மண்ணும் எருவும் போட்டபின் பதினேழு பிழைத்தன. யூரியா செலவை நான் கேட்கவில்லை. அவர்களும் கன்றுக்குப் பணம் தரவில்லை.

10.12.2023

கறிவேப்பிலை இதற்கு விலக்கா என்று கேள்வி. இல்லை, கறிவேப்பிலைக்கும் இதே கதைதான். "காரிப்பூலே" என்று கிரியோலில் சொன்னாலும் அதே செடி, அதே இரும்புப் பசி. "ப்ரேட் முரும்" முருங்கை எப்படி என்று கேட்ட அக்காவுக்கு: முருங்கை கல்லிலும் பிழைக்கும், அதைப் பற்றி எழுத எனக்கு அனுபவத் தோல்வி எதுவும் இல்லை.

14.12.2023

அசையும் சத்து: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம். குறை அடி இலையில். அசையாதது: கால்சியம், இரும்பு, போரான். குறை கொழுந்தில். இப்படி ஒருவருக்குத் தனியாக எழுதினேன். வேளாண்மை படிக்கும் ஒரு பெண் திருத்தியிருக்கிறார்: போரானை அப்படிப் பொதுவாக ஒதுக்கக் கூடாதாம். ஆப்பிள், பிளம் போல சார்பிட்டால் என்ற சர்க்கரை வகையைக் கடத்தும் மரங்களில் போரான் அதோடு பிணைந்து பட்டை வழியாக நன்றாகவே பயணம் செய்கிறதாம். தேடிப் படித்தேன், சரிதான். அந்த மரங்களில் போரான் குறையைக் கண்டுபிடிக்க நம் கொழுந்து விதி உதவாது.

நன்றி அம்மா. திருத்தியதற்கு மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறீர்கள், அது வேண்டாம்.

20.1.2024

பெலால் புயலுக்குப் பிறகு இன்றுதான் மின்சாரமும் மனமும் சேர்ந்து வந்தன. 15ஆம் தேதி போர்ட் லூயித் தெருக்களில் வாகனங்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். என் பங்குக்கு நாற்றுக்கொட்டகையின் நிழல்வலை அடுத்த வீட்டு மாமரத்தில்.

கரையோரத்தில் இருப்பவர்கள் இலை கருகுகிறது என்கிறீர்கள். இரண்டு வகைக் கருகலைப் பிரித்துப் பாருங்கள். காற்று வந்த பக்கம் மட்டும், திட்டுத் திட்டாக என்றால் உப்புச் சாரல் மேலே விழுந்தது; நல்ல நீரால் கழுவினால் போதும். எல்லாப் பக்கமும், இலையின் நுனியிலும் விளிம்பிலும் வரைந்ததுபோல் என்றால் உப்பு வேர் வழியாக வந்தது. கட்டை வழியாக ஏறும் நீர் விளிம்பில் ஆவியாகிவிடும். கூட வந்த சோடியமும் குளோரைடும் அங்கே குவியும். இதற்கு இலையைக் கழுவிப் பயனில்லை, மண்ணைக் கழுவ வேண்டும்.

புயல் பார்வையிடலில் இன்னொன்று கண்டேன். பலாக்கன்றுப் பைகளில் சோம்பலில் உரத்தை ஒரே ஓரத்தில் கொட்டியிருந்தேன். அந்தப் பக்கத்துக் கிளைகள் கறுத்துச் செழித்திருக்க, எதிர்ப்பக்கம் வெளிறி நிற்கிறது. காசித்தும்பையில் ஒரு நூல் ஒரு இலைக்குப் போனதே, நினைவிருக்கிறதா? பல கன்றுகளில் ஒரு வேரின் குழாய்கள் தண்டில் தனக்கென்று சில கிளைகளைத்தான் ஊட்டுகின்றன. குறுக்கே பகிர்வது குறைவு. உரத்தைச் சுற்றிலும் போடச் சொன்ன பழைய ஆட்கள் சடங்குக்காகச் சொல்லவில்லை.

27.1.2024

காவடி முடிந்து கால் வலியோடு எழுதுகிறேன். மாஎபூர் தம்பியிடமிருந்து தகவல் இல்லை. புயலில் பாசிக்கட்டு என்னவாயிற்றோ.

"தென்னங்கன்றில் இப்படிப் பட்டை அறுந்தால்?" என்று கேள்வி. தென்னைக்கு உரிக்கிற பட்டையே இல்லை. அதன் தண்டில் காழும் ஃபுளோயமும் சேர்ந்த கற்றைகள் ஆயிரக்கணக்கில் உள்ளெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஓரத்தில் சுற்றி அறுத்தால் ஓரத்துக் கற்றைகள் போகும், உள்ளே இருப்பவை வேலை செய்யும். பல்மிஸ்த் பனையும் இப்படித்தான். மார்க்கோட் போட முடியாததற்கும் அதுவே காரணம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற அடுக்கு அதற்கு இல்லை.

தமிழாசிரியனாக ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள். தொல்காப்பியம் மரபியலில், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம், புறத்தே பாய்ந்தவை புல் என்று பிரித்திருக்கிறது. ஓலை, பாளை, ஈர்க்கு எல்லாம் புல் கணக்கில். தென்னை மரமல்ல, புல்! நுண்ணோக்கி இல்லாமல் வெட்டிப் பார்த்தே கண்டுகொண்டிருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அரிவாளோடு வளர்ந்த பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள்.

4.2.2024

முதல் நாள் எழுதியதை மீண்டும் படித்தேன். "உப்பு கட்டை வழியாக மேலே, சர்க்கரை பட்டை வழியாகக் கீழே." இரண்டு ஒருவழிப் பாதைகள். அழகாக இருக்கிறது, பாதிதான் உண்மை.

பட்டையின் ஓட்டத்துக்குக் கீழ் மேல் கிடையாது. சர்க்கரை அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு. ஜெர்மானியர் முன்ஷ் 1930இல் விளக்கியது. முதிர்ந்த இலையிலிருந்து வேருக்கும் போகும், உச்சிக் கொழுந்துக்கும் போகும். சர்க்கரையோடு சும்மாவும் போவதில்லை: பொட்டாசியம், பாஸ்பரஸ், நைட்ரஜன் எல்லாம் அந்த வண்டியில் ஏறிக்கொள்கின்றன. மடிந்திருக்கும் கொழுந்து நீரை அதிகம் ஆவியாக்காது, எனவே கட்டை வழியாக அதற்கு வருவது குறைவு, பட்டைதான் தாய்ப்பால். வேருக்கு இறங்கிய பொட்டாசியத்தில் ஒரு பங்கு மறுபடியும் கட்டையில் ஏறிச் சுற்றி வருகிறது. கால்சியமும் இரும்பும் இந்த வண்டியில் எளிதில் இடம் கிடைக்காதவை. கால்சியத்துக்கு ஏறத்தாழ இல்லை, இரும்புக்கு ஓரளவு. என் வேம்பு மஞ்சளானதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எனவே "பட்டை எதற்கு?" என்ற தம்பியின் கேள்விக்கு அன்று சர்க்கரைக்கு என்று மட்டும் சொன்னது குறை. சத்தைத் திரும்பப் பங்கிடுவதும் பட்டைதான்.

நம் கரும்பு ஆட்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். ரெதுயியில் 1953இல் தொடங்கிய சர்க்கரைத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தார் உர நிலை அறிய இலையைச் சோதிக்கும்போது கையில் கிடைத்த இலையைப் பறிப்பதில்லை. மேலிருந்து எண்ணி மூன்றாவது இலை. வயது மாறினால் சத்து இடம் மாறியிருக்கும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. என் தந்தை தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் "கனவான்கள் இலை எண்ணுகிறார்கள்" என்று வீட்டில் கேலி செய்வார். நானும் சிரித்திருக்கிறேன். யூரியாவோடு பெல் மாருக்குப் போவதற்கு முன் அந்த எண்ணிக்கையை யோசித்திருக்கலாம்.

2.3.2024

தம்பி வந்துவிட்டார், படத்தோடு. பாசிக்கட்டு புயலில் அசையவில்லையாம். பிளாஸ்டிக் தாளுக்குள் வேர்கள் தெரிகின்றன. நுனி வெள்ளை, பின்பகுதி பழுப்பு. எல்லாமே மேல் உதட்டிலிருந்து, கீழ்ப்பக்கம் ஒன்றுகூட இல்லை. கட்டுக்குக் கீழே கயிற்றுத் தடத்துக்குச் சற்றுக் கீழாக வெட்டி, இலைகளைப் பாதி குறைத்து, நிழலில் பையில் வைத்துவிட்டார். இலையைக் குறைத்தது சரி. இத்தனை சின்ன வேரால் அத்தனை இலைக்கும் நீர் ஏற்ற முடியாது.

அடிவேரைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூன்றரை மாதம் பட்டினி கிடந்தது. செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். வெட்டிய அடிக்கட்டையில் இரண்டு துளிர் வந்திருக்கிறது, செம்பு நிறத்தில். எனக்கே ஆச்சரியம். காயத்துக்கு அடியில் ஒரு சின்ன இலைக்கொத்து இருந்ததாம், கேள்வியில் அதைச் சொல்ல மறந்துவிட்டாராம்! அதுதான் வேருக்கு இத்தனை நாளும் சோறு போட்டிருக்கிறது.

இப்போது அவரிடம் இரண்டு லிச்சி. இரண்டுக்கும் ஊன்றுகோல் நட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். எதனால் கட்டினீர்கள் என்று கேட்டேன். வாழைநாராம்.